எருமைக்குருவி அம்மாளின் தோட்டம்

உங்கள் வீட்டு வரி ரசீதை ஒரு தடவை எடுத்துப் பாருங்கள். அதில் யார் பெயர் இருக்கிறது?

"இதென்ன கேள்வி? அவர் பெயர்தான் இருக்கிறது. அதற்கு முன்னால் மாமனார் பெயர் இருந்தது" என்று உங்களில் பலர் சொல்வது என் காதில் விழுகிறது. எங்கள் வீட்டிலும் அப்படித்தான். இத்தனை நாளாக அதைப் பற்றி நான் யோசித்ததே கிடையாது. சில வாரங்களாக ஒரு பாட்டி என்னை யோசிக்க வைத்துக்கொண்டிருக்கிறார். நம் பக்கத்துப் பாட்டி அல்ல. அமெரிக்காவின் வட பகுதியில், மிஸ்ஸௌரி நதிக்கரையில் பிறந்து வளர்ந்து, 1932-ல் காலமானவர். ஆங்கிலம் பேசத் தெரியாதவர். அவர் ஊரில் வீடு யாருடையது என்று கேட்டிருந்தால், கேட்ட ஆளை ஏற இறங்கப் பார்த்திருப்பார்கள். வீடு பெண்களுடையது. வயலும் பெண்களுடையது. வயலில் விளைந்த தானியமும் அவர்களுடையதுதான். இதில் கேட்பதற்கு என்ன இருக்கிறது?

அந்தப் பாட்டியின் பெயர் மாக்ஸிடிவியாக். வாயில் நுழையவில்லையே என்று பயப்பட வேண்டாம். காட்டெருமை மந்தைகளின் பின்னாலேயே ஒரு சின்னக் குருவி சுற்றிக்கொண்டிருக்குமாம். அந்தக் குருவியின் பெயரைத்தான் அவருக்கு வைத்தார்கள். ஆகையால் நான் அவரை எருமைக்குருவி அம்மாள் என்றே சொல்லப்போகிறேன். முதலில் அவருக்கு இட்ட பெயர் 'நல்ல வழி'. குழந்தை நோஞ்சானாக இருந்தபடியால், பெயரை மாற்றினால் உடம்பு தேறும் என்று அப்பா மாற்றிவிட்டார். பிள்ளை தங்க வேண்டுமே என்று பிச்சை என்றும் குப்பு என்றும் பெயர் வைத்த குடும்பங்களில் பிறந்த நமக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. பெயர் மாற்றிய பலனோ என்னவோ, அம்மாள் தொண்ணூறு வயதைத் தாண்டி வாழ்ந்தார்!

அவருடைய ஜனங்களுக்கு ஹிடாட்சா என்று பெயர். 'செவ்விந்தியர்' என்று சினிமாக்காரர்கள் நமக்குக் காட்டினார்களே, தலையில் இறகும் கையில் கோடரியுமாகக் குதிரையில் பாய்ந்து வருகிற ஆசாமிகள், அவர்களுக்குள் ஹிடாட்சாக்களையும் சேர்த்துத்தான் உலகம் எண்ணி வந்தது. நானும் அந்தப் படங்களைப் பார்த்து வளர்ந்தவள்தான். அந்தக் குதிரை வீரர்கள் காலையில் என்ன சாப்பிட்டுவிட்டுப் புறப்பட்டார்கள், அதை யார் பயிரிட்டார்கள், யார் சமைத்தார்கள் என்று எந்த டைரக்டருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

அம்மாள் பிறந்தது 1839-ஐ ஒட்டிய ஒரு வருஷத்தில். அதற்குச் சற்று முன்பு, 1837-ல், மிஸ்ஸௌரி நதியில் வந்த நீராவிப் படகோடு வைசூரியும் வந்து இறங்கியது. பக்கத்திலேயே வசித்த மாண்டன் இனத்தார் ஏறக்குறையப் பூண்டோடு போனார்கள். ஹிடாட்சாக்களிலும் பாதிப் பேருக்கு மேல் மாண்டுபோனார்கள். மிஞ்சிய இரண்டு ஜனங்களும் ஒன்று சேர்ந்து, 1845-ல், நதி தூண்டில் முள்ளைப்போல் வளைகிற ஓர் இடத்தில் புது ஊர் கட்டிக்கொண்டார்கள். ஊருக்குப் பெயரும் தூண்டில்முள் என்பதுதான். அம்மாளுக்கு ஆறு வயதாகும்போது பெற்ற தாய் இறந்துவிட்டாள். ஆனால் அந்தக் குழந்தையைத் தாயில்லாப் பெண் என்று யாரும் சொன்னதில்லை. தாயின் சகோதரி முறையானவர்கள் எல்லோரும் அங்கே அம்மாதான். நாம் பெரியம்மா, சித்தி என்று பின்னாலும் முன்னாலும் ஒன்று ஒட்டிக்கொள்கிறோமே, அதுகூட அவர்களுக்குக் கிடையாது. வெறும் அம்மா. அப்படி இரண்டு அம்மாக்களும், ஆமை என்று பெயர் கொண்ட ஒரு பாட்டியுமாகச் சேர்ந்து அவளை வளர்த்தார்கள்.

அவர்கள் வீடு எப்படி இருக்கும் தெரியுமா? கூடாரம் அல்ல. நடுவே நாலு பெரிய தூண்கள், சுற்றிலும் வட்டமாகச் சிறு தூண்கள், மேலே உத்தரம், அதன்மேல் விளார், அதற்கு மேல் புல், எல்லாவற்றுக்கும் மேல் கனமாக மண். வெளியிலிருந்து பார்த்தால் ஒரு குன்று மாதிரி இருக்கும். குளிர் காலத்தில் கதகதப்பு, கோடையில் குளுமை. இதைக் கட்டுகிறவர்கள் பெண்கள். பெரிய தூண்களைத் தூக்கி நிறுத்த மட்டும் ஆண்களைக் கூப்பிடுவார்கள். கல்யாணமானால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவான். ஒத்துவரவில்லை என்றால் தன் குதிரையையும் ஆயுதங்களையும் எடுத்துக்கொண்டு அவன்தான் கிளம்ப வேண்டும். வீடும் வயலும் குழந்தைகளும் இருந்த இடத்திலேயே இருக்கும். குழந்தைகள் தாயின் குலத்தைச் சேர்ந்தவர்கள் அல்லவா?

மாமியாரும் மாப்பிள்ளையும் ஒரே வீட்டில் எப்படிச் சமாளித்தார்கள் என்று நீங்கள் கேட்பீர்கள். அதற்கும் வழி செய்து வைத்திருந்தார்கள். மாப்பிள்ளை மாமியாரோடு பேசவே கூடாது! மரியாதையின் பொருட்டு ஏற்பட்ட வழக்கம் அது. இதைப் படித்ததும் நான் கொஞ்ச நேரம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுச் சிரித்தேன்.

அதற்காக அந்த ஊரைச் சொர்க்கலோகம் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு புருஷனுக்கு இரண்டு மூன்று மனைவிகள் இருப்பது சர்வசாதாரணம். அநேகமாக அக்கா தங்கைகள். எதிரிகள் எப்போது வந்து தாக்குவார்கள் என்று சொல்ல முடியாது. தோல் பதனிடுவது, விறகு சுமப்பது, தண்ணீர் சுமப்பது எல்லாம் பெண்கள் தலையில்தான். ஆனால் செய்த வேலைக்குக் கணக்கு இருந்தது. தோல் பதனிடுவதில் காட்டிய உழைப்புக்காகக் குலத்து அத்தை ஒருத்தி அம்மாளுக்கு ஓர் இடுப்புப் பட்டை கொடுத்தாள். மூன்று விரல் அகலம். நீல மணிகள் கோத்தது. அதை விலை கொடுத்து வாங்க முடியாது. தானே செய்து அணியவும் கூடாது. ரத்த சம்பந்தமுள்ள உறவினர் யாரும் கொடுக்கவும் கூடாது. சம்பாதிக்கத்தான் வேண்டும். ஒரு வீரனுக்குப் போரில் கிடைத்த வெற்றிச் சின்னம் எப்படியோ, தனக்கு அந்தப் பட்டை அப்படி என்று கிழவியான பிறகும் பெருமையோடு சொல்லியிருக்கிறார். நம் வீடுகளில் இருபது வருஷம் அடுப்படியில் நின்றவளுக்கு என்ன பட்டை கொடுத்திருக்கிறோம்? சரி, அது வேறு கதை.

தோட்டத்துக்கு வருகிறேன்.

மக்காச்சோளம், அவரை, பூசணி, சூரியகாந்தி. இந்த நாலும்தான் அவர்கள் வாழ்வு. நதியோரத்துப் படுகை நிலத்தில் புதர்களை வெட்டிக் காயவிட்டு எரித்து, மண்ணைக் கொத்தி வயலாக்குவார்கள். பாட்டி ஆமையிடம் காட்டெருமையின் தோள்பட்டை எலும்பில் செய்த ஒரு களைக்கொட்டு இருந்தது. வியாபாரிகளிடம் இரும்புக் களைக்கொட்டு கிடைக்க ஆரம்பித்து, மற்றப் பெண்கள் எல்லாம் அதற்கு மாறிவிட்ட காலம் அது. பாட்டி மாறவில்லை. எலும்புக் கொட்டைக் கட்டிலுக்கு அடியில் பத்திரமாக வைத்திருப்பாள். குழந்தைகள் அதை இழுத்து விளையாடினால், உடைந்துவிடும், எடுத்த இடத்திலேயே வை என்று அதட்டுவாள்.

முதலில் விதைப்பது சூரியகாந்தி, வயலின் ஓரங்களில். கடைசியில் அறுப்பதும் அதுதான். சோளம் போடும் நாளைப் பஞ்சாங்கம் பார்த்து அவர்கள் குறிக்கவில்லை. காட்டில் ஒரு பழச்செடி இருக்கிறது; அது இலை விட்டு முக்கால்வாசி நிறைந்ததும் சோளம் போடலாம் என்று அர்த்தம். சூரியன் உதிக்கும் முன்பே பெண்கள் வயலில் இருப்பார்கள். சிறு சிறு மண்மேடுகள். மேட்டுக்கு மேடு நாலடி இடைவெளி. ஒரு மேட்டுக்கு ஆறிலிருந்து எட்டு விதை. நெருக்கி நட்டால் கதிர் சிறுக்கும். மண் களைத்துப்போனால் இரண்டு வருஷம் சும்மா விடுவார்கள். இரண்டு ஜாதிச் சோளத்தை அருகருகே போட மாட்டார்கள். ஏன் என்று கேட்டால், சோளம் பிரயாணம் செய்யும் என்பார்கள். மகரந்தம் என்ற வார்த்தை அவர்களுக்குத் தெரியாது. சோளம் ராத்திரியோடு ராத்திரியாக அடுத்த வீட்டுக்குப் போய்வரும் விஷயம் மட்டும் தெரிந்திருந்தது. வயல் எல்லைக்காகச் சண்டை போட்டால் குடும்பத்தில் யாருக்காவது கேடு வரும் என்ற பயமும் இருந்தது. அந்தப் பயம் எத்தனை வக்கீல்களின் பிழைப்பைக் கெடுத்திருக்குமோ, தெரியாது!

ஆண்கள் எதையுமே பயிரிடவில்லையா? பயிரிட்டார்கள். புகையிலை! அதுவும் வயசானவர்கள் மட்டும்.

கதிர் பிடித்ததும் காக்கைகள் வரும். அவைகளை ஓட்ட வயலில் பரண் கட்டுவார்கள். நிழலுக்காக ஒரு மரத்தை வெட்டாமல் விட்டு, அதை ஒட்டியே பரண். அதன்மேல் இரண்டு பெண்கள் உட்கார்ந்து பாடிக்கொண்டிருப்பார்கள். யாருக்கு? சோளத்துக்கு. குழந்தைக்குத் தாய் பாடுவதுபோல், சோளமும் தன் பாட்டைக் கேட்க ஆசைப்படும், கேட்டால் நன்றாக வளரும் என்பது அவர்கள் எண்ணம். அந்தப் பக்கமாக எந்த வாலிபனாவது போனால், பாட்டு அவனைக் கேலி செய்யத் திரும்பிவிடும். வள்ளி தினைப்புனம் காத்த கதை உங்களுக்கு இந்நேரம் ஞாபகம் வந்திருக்கும். எனக்கும் வந்தது. இங்கே வேலன் வேஷம் போட்டுக்கொண்டு வர வேண்டிய அவசியம் இல்லை. அறுவடையானதும், சோளம் உரிக்க வாருங்கள் என்று வாலிபர்களைப் பெண் வீட்டாரே கூப்பிடுவார்கள். இறைச்சி வேகவைத்து விருந்தும் உண்டு. எந்த வாலிபன் யார் வீட்டுக் குவியலுக்கு அருகில் போய் உட்காருகிறான் என்பதை ஊரே கவனித்துக்கொண்டிருக்கும்.

நல்ல கதிர்களைத் தோலோடு சேர்த்துச் சடையாகப் பின்னுவார்கள். ஒரு சடைக்கு 54 அல்லது 55 கதிர். பிறகுதான், சகோதரிகளே, எனக்கு மிகவும் பிடித்த காரியம் வருகிறது. தானியக் குழி. பானை மாதிரி கழுத்து குறுகி வயிறு பருத்த குழி. ஆள் உயரத்துக்கு மேல் ஆழம். இறங்க ஏணி வேண்டும். உள்ளே புல்லைப் பரப்பி, சுவரோரமாகச் சோளச் சடைகளை அடுக்குவார்கள். நடுவில் உதிர்த்த சோளத்தைக் கொட்டுவார்கள். அந்தச் சோளத்துக்கும் நடுவில், கயிற்றில் கோத்துக் காயவைத்த பூசணி வற்றல். ஏன் நடுவில்? பூசணிக்குத்தான் ஈரம் ஆகாது. நாலு பக்கமும் சோளம் காவல் இருந்தால் ஈரம் அதனிடம் போகாது. குழியின் வாயை மூடி, மண் தள்ளி, மேலே சாம்பலைத் தூவி, அங்கே குழி இருப்பதே தெரியாமல் செய்துவிட்டுக் குளிர்கால ஊருக்குப் புறப்படுவார்கள். எதிரி வந்தாலும் காலி வீட்டைத்தான் பார்த்துவிட்டுப் போவான்.

அந்த வற்றலை என்ன செய்வார்கள் என்று கேட்கிறீர்களா? அவரையை வேகவைத்து, பூசணி வற்றலைப் போட்டு, வெந்ததும் கயிற்றை உருவிவிட்டு மசித்து, வறுத்து இடித்த சூரியகாந்தி விதையையும் வறுத்த சோள மாவையும் தூவிக் கிளறினால், நாலு பயிரும் சேர்ந்த கூட்டு தயார். அம்மாளுக்கு உயிர் அந்தக் கூட்டு. நான் தேங்காய் இல்லாமல் எப்படி என்று யோசித்தேன். சூரியகாந்தி விதையின் எண்ணெய்ப் பசை அதற்கு ஈடு செய்யும் என்று தோன்றுகிறது. ஒரு நாள் செய்து பார்க்க வேண்டும்.

1885-ல் அரசாங்கம் தூண்டில்முள் ஊரைக் கலைத்தது. குடும்பம் குடும்பமாகப் பிரிந்து தனித்தனி நிலத்தில் குடியேறச் சொல்லி உத்தரவு. நாகரிகம் கற்றுக்கொடுக்கிறார்களாம். 1887-ல் அமெரிக்க நாடாளுமன்றம், ஆதிகுடிகளின் பொது நிலத்தைத் தனித்தனியாகப் பங்கு போட ஒரு சட்டம் செய்தது. குடும்பத் தலைவருக்கு 160 ஏக்கர். கல்யாணமான பெண்ணுக்கு? தனியாக ஒரு காணிகூட இல்லை. அதைத் திருத்த 1891 வரைக்கும் காத்திருக்க வேண்டியிருந்தது. வயலையும் வீட்டையும் தலைமுறை தலைமுறையாகத் தங்கள் கையில் வைத்திருந்த பெண்களைப் பார்த்து, குடும்பத் தலைவர் எங்கே அம்மா என்று கேட்ட உத்தியோகஸ்தர்களை நினைத்துப் பார்த்தேன். வரி ரசீது ஞாபகம் எனக்கு அந்த இடத்தில்தான் வந்தது.

விவசாயமும் கற்றுக்கொடுத்தார்கள். ஆற்றுப் படுகையை விட்டு மேட்டுப் புல்வெளியை ஏர் கட்டி உழுதார்கள். மேட்டு நிலம் சீக்கிரம் காயும், மண்ணும் கெட்டி என்பது அம்மாளுக்குப் பார்த்தவுடனே தெரிந்தது. கேட்பவர் யார்? 1911-ல் அந்தப் பிரதேசத்து அதிகாரி ஒரு விவசாயக் கண்காட்சி நடத்தினார். நல்ல சோளத்துக்குப் பரிசு. எழுபது வயதைத் தாண்டிய அம்மாள், புது நிலத்தில், பழைய முறையில், களைக்கொட்டைக் கொண்டு பராமரித்து விளைவித்த சோளத்தை அனுப்பினார். முதல் பரிசு அதற்குத்தான்!

இந்த விவரமெல்லாம் நமக்கு எப்படிக் கிடைத்தது? கில்பர்ட் வில்ஸன் என்ற பாதிரியார், மனித இயலில் ஆர்வம் கொண்டவர், 1906-லிருந்து பல வருஷங்கள் கோடைதோறும் அங்கே வந்து, அம்மாளைக் கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டார். அம்மாள் தம் பாஷையில் சொல்லச் சொல்ல, பிள்ளை குட்பேர்ட் ஆங்கிலத்தில் சொல்வார், வில்ஸன் எழுதிக்கொள்வார். அம்மாளின் குலத்தில் அவரையும் ஒரு பிள்ளையாகச் சேர்த்துக்கொண்டார்கள். 1917-ல் ஹிடாட்சாக்களின் விவசாயம் பற்றிய புத்தகம் வெளிவந்தது. அதை எழுதியதற்காக வில்ஸனுக்கு மின்னிஸோட்டா சர்வகலாசாலையில் டாக்டர் பட்டம் கிடைத்தது. அம்மாளுக்கு ஒரு பட்டமும் இல்லை என்று எனக்கு முதலில் கோபம் வந்தது. அப்புறம் பார்த்தால், முகவுரையில் அந்த மனிதரே, அடுக்கி எழுதியதைத் தவிர இதில் தமக்கு ஒரு பெருமையும் இல்லை என்று ஒப்புக்கொண்டிருக்கிறார். கோபம் பாதி தணிந்தது. 1987-ல் மறுபதிப்பு வந்தபோது புத்தகத்தின் தலைப்பிலேயே அம்மாளின் பெயர் ஏறிவிட்டது. மீதியும் தணிந்தது.

அந்த வயல்களை இப்போது பார்க்க முடியாது. மிஸ்ஸௌரியின் குறுக்கே காரிஸன் அணை கட்டி, 1953-ல் நதியை மறித்தார்கள். அந்த ஜனங்களின் நிலத்தில் சுமார் 1,50,000 ஏக்கர் முழுகிற்று. படுகை நிலத்தில் பெரும்பகுதி அதில் அடங்கும். 1948-ல் அதற்கான உடன்படிக்கையில் கையெழுத்துப் போடும்போது, அவர்கள் தலைவர் ஜார்ஜ் ஜில்லெட் கண்ணாடியைக் கழற்றிவிட்டு முகத்தைக் கையால் மூடிக்கொண்டு அழுதார். சுற்றி நின்ற அதிகாரிகள் காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அந்தப் போட்டோவை நான் பார்த்தேன். அதற்கு மேல் அன்று ஒரு வேலையும் ஓடவில்லை. தூண்டில்முள் ஊர், பரண் கட்டிய இடங்கள், தானியக் குழிகள் எல்லாம் ஏரிக்கு அடியில் போய்விட்டன. ஏரிக்குச் சககாவியா என்று ஒரு பெண்ணின் பெயரை வைத்திருக்கிறார்கள். அவளும் ஹிடாட்சாக்களின் ஊரில் வாழ்ந்தவள்தான்.

ஆனால் விதை முழுகவில்லை. ஹிடாட்சா அவரை, சிவப்பு ஒன்று, வெள்ளையில் கேடயம்போல் பழுப்புத் திட்டு உள்ளது ஒன்று, இரண்டும் தோட்டக்காரர்கள் கைக்குக் கை மாறி இன்றைக்கும் முளைத்துக்கொண்டிருக்கின்றன. நல்ல கதிரையும் நல்ல நெற்றையும் பார்த்துப் பொறுக்கி, ஒரு வருஷம் விளைச்சல் பொய்த்தாலும் கைவசம் இருக்கும்படி விதை சேர்த்து வைத்த பெண்களின் வேலை அது.

விதை என்றதும் எனக்கு எங்கள் பாட்டி வீட்டுக் கொல்லைச் சுவர் ஞாபகம் வந்தது. சுவரில் வரட்டி தட்டியிருக்கும். சில வரட்டிகளில் பூசணி விதையும் அவரை விதையும் புதைந்திருக்கும். சின்ன வயதில் அவற்றைப் பெயர்த்தெடுத்து விளையாடி அடி வாங்கியிருக்கிறேன். ஆமைப் பாட்டி அதட்டின மாதிரியேதான் எங்கள் பாட்டியும் அதட்டினாள். விதையை ஏன் சாணியில் வைக்கிறாய் என்று ஒரு நாளும் நான் கேட்டதில்லை. பாட்டி போய் எத்தனையோ வருஷமாகிறது. பத்திரிகைக்காக எத்தனையோ பேரைப் பேட்டி கண்டிருக்கிறேன். பாட்டியை ஒரு கேள்வி கேட்டதில்லை.

நேற்று ராத்திரி, இதை எழுதிக்கொண்டிருக்கும்போது, அம்மாவிடம் கேட்டேன்.

அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "பூச்சி அண்டாது. வேறே எதுக்கு?" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "அதிலேயும் அவரைக்குத் தனி, பூசணிக்குத் தனி. சேர்த்து வைக்கமாட்டா உங்க பாட்டி" என்றாள்.

"ஏம்மா?"

அம்மா கீரைத் தட்டைக் கீழே வைத்தாள். நான் காகிதத்தை எடுத்துக்கொண்டு பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.